சீனியம்மா இடுப்பும் ஆம்பளைக் கோடும்

ஆமா டாக்டரையா, கிள்ளுனேன். கொழுப்பு அளக்குற வேலைன்னா கிள்ளாம எப்படி அளக்குறது, மோந்து பாத்தா? வெக்கமில்லாதவன்னு சொன்னீகளாம். நான் எழுதுனது அம்புட்டும் தப்புன்னும் சொன்னீகளாம். அதுவும் கம்பெனிப் பொம்பளைக எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுக்கிட்டு. நான் அங்கன இருந்திருந்தா அங்கனயே பதில் சொல்லியிருப்பேன். நான் இல்லாத நேரமாப் பாத்துப் பேசுனதுனால எங்க காலேஜ் மலர்ல எழுதுறேன். படிக்கிறவுக படிக்கட்டும்.

கணக்கெடுப்புன்னு சொல்லி ஒரு நோட்டையும் பென்சிலையும் கையில குடுத்து, சித்திரை வெயில்ல விரட்டிவிடப்பட்ட பாவப்பட்ட சனங்களே, உங்களுக்கு என் கஷ்டம் தெரியும். நீங்களே நியாயத்தைக் கேளுங்க. அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. அங்கன கைப்புள்ளக்காரிகளுக்கு மத்தியானம் ஒரு டம்ளர் பால் மாவுத் தண்ணியும் ரெண்டு கடலை உருண்டையும் குடுக்காக. அதைச் சீனியம்மாங்கிற ஒருத்திக்கு மட்டும் கம்பெனி டாக்டரையா நிப்பாட்டிட்டாரு. அப்ப அவ மடியில அஞ்சு மாசப் புள்ள. நிப்பாட்டுனதுக்குக் காரணம் நான் எழுதிக் குடுத்த ஒரு நம்பர். அதான் எனக்கு இம்புட்டுக் கோவம். பாதி உங்க மேல டாக்டரையா, பாதி என் மேல.

கேட்டுல நிறுத்துன நண்டு

கொழுப்பு அளக்குற கருவி பாக்குறதுக்குப் பெரிய இடுக்கி மாதிரி இருக்கும். ரெண்டு தாடை, மேல ஒரு வட்ட முகம், அதுல ஒரு முள்ளு. எங்க புரொபசரம்மா சீமையில இருந்து வரவழைச்சது. பெட்டியைத் திறந்தவுடனேயே பொம்பளைக அதுக்கு நண்டுன்னு பேரு வச்சுட்டாக. பொம்பளைகளுக்கு ஆரோக்கியமான கொழுப்பு எம்புட்டு, நம்ம ஊர்ப் பொம்பளைக கிட்ட எம்புட்டு இருக்கு, இதைப் பாத்துட்டு வாங்கன்னு புரொபசரம்மா எங்க ரெண்டு பேரை அனுப்புனாக. ஒண்ணு நான். இன்னொண்ணு என் கூடப் படிக்கிற ஜெய்தூன், விருதுநகர்ல மிளகாய் மண்டி வச்சிருக்கவுக மகள். நான் அளப்பேன், அவ எழுதுவா. நான் சண்டை போடுவேன், அவ சமாதானம் பேசுவா.

முத நாளே சண்டை. கேட்டுல போர்மேன் அண்ணாச்சி நண்டைப் பாத்ததும் ரெண்டு கையையும் விரிச்சு வழியை மறிச்சுட்டாரு. உள்ள இரும்பு வரப்படாது. வெடிமருந்து இருக்குற இடம், ஒரு உரசல் போதும். கொண்டை ஊசியைக்கூடக் கழட்டி வச்சுட்டுத்தான் பொம்பளைக உள்ள போறாக. எனக்கு அப்ப அது புரியல. இது சயின்சு, இது படிப்பு, இதைத் தடுக்க நீங்க யாருன்னு அரை மணி நேரம் கத்துனேன். அவரு நண்டை வாங்கி, தீயணைக்கிற மணல் வாளிக்குள்ள பக்குவமாப் படுக்க வச்சாரு. கடைசியில கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடியில, கஞ்சி நேரத்துல அளந்துக்கலாம்னு முடிவாச்சு.

மணி அடிச்சதும் பொம்பளைக வெளிய வந்தாக. முழங்கை வரைக்கும், கழுத்து வரைக்கும் அலுமினியப் பொடி. அந்த உச்சி வெயில்ல ஐம்பது அறுபது பேரு வெள்ளியில வார்த்து எடுத்த மாதிரி மின்னிக்கிட்டு வாராக. ஒவ்வொரு கையும் அகப்பைக் காம்பு கனம்தான் இருக்கும். இதுல எங்க போயி எதைக் கிள்ளுறது? போர்மேன் அண்ணாச்சி மணல் வாளியில இருந்து நண்டை எடுத்துக் குடுத்துட்டுச் சொன்னாரு: "கொழுப்பு அளக்கணும்னா இங்கன ஏன் தாயி வந்தீக? கடைவீதிப் பக்கமில்ல போயிருக்கணும்."

சுத்துக் கணக்கு

அளக்குறது எப்படின்னு சொல்லிடுறேன், பிறகு கிள்ளுனா கிள்ளுனான்னு யாரும் பேசப்படாது. நாலு இடம். மேல்கையில முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, தோள்பட்டை எலும்புக்குக் கீழ ஒண்ணு, இடுப்பு எலும்புக்கு மேல ஒண்ணு. தோலையும் அதுக்கு அடியில இருக்குற கொழுப்பையும் மட்டும் கட்டை விரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் தூக்கணும். சதை வரப்படாது. தூக்குன மடிப்பை நண்டு கவ்வும், முள்ளு மில்லிமீட்டர் காட்டும். நாலையும் கூட்டிப் புத்தகத்துல பாத்தா, உடம்புல நூத்துல எத்தனை பங்கு கொழுப்புன்னு வரும். வலிக்காது. ஆனா முதல்ல எல்லாருக்கும் சிரிப்பு வரும், அப்ப முள்ளு ஆடும்.

சீனியம்மா சிரிக்கல. அவளுக்கு இருபத்திநாலு வயசு இருக்கும். கழுத்தெலும்பு ரெண்டும் ஏர்க்கால் மாதிரித் துருத்திக்கிட்டு நின்னுச்சு. அவளுக்கு வேலை குழாய் சுத்துறது. கம்பியில பேப்பரைச் சுத்திச் சுத்தி வெடிக்குக் குழாய் போடுறது. எத்தனை சுத்து வந்துருக்குன்னு எண்ண மாட்டா, விரலால நசுக்கிப் பாத்தே சொல்லுவா. நான் அவ கையில நண்டை வைக்கப் போகையில, அவளே அந்த இடத்தைக் கிள்ளிப் பாத்து, "இது நாலு சுத்துக் கனம்"ன்னா. இடுப்பைத் தொட்டு, "இது ஒம்போது"ன்னா. நான் பேசாம இரு தாயின்னு அதட்டுனேன். அடுத்து வந்தவளையும் அவளே கிள்ளி, இது அஞ்சு, இது ஏழுன்னு சொல்லிக்கிட்டே போறா. ஜெய்தூன் விளையாட்டுக்கு அதையும் ஒரு ஓரமா எழுதிக்கிட்டே வந்தா.

அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தோம். அவ சுத்து கூடுன இடத்துல எல்லாம் முள்ளு கூடியிருக்கு, குறைஞ்ச இடத்துல குறைஞ்சிருக்கு. ஒரு இடத்துலகூட மாறல. நான் நோட்டை மூடி வச்சேன். ஜெய்தூன் சொன்னா: "ஏ புள்ள, இந்த நண்டைக் கப்பல் ஏத்தி வரவழைச்ச நேரத்துக்குச் சீனியம்மாக்காவை நம்ம காலேஜுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

மண்டித் தராசுல ஒரு கல்யாணப் பொண்ணு

எடையும் எடுக்கணும்ல? பட்டாசுக் கம்பெனித் தராசு மருந்து நிறுக்கிறது, மனுசியைத் தாங்காது. ஜெய்தூனோட அத்தா தன் மண்டித் தராசைக் குடுத்தாரு. வெள்ளிக்கிழமை மத்தியானம் மண்டி அடைப்பு, ஆம்பளைக இருக்க மாட்டாக. டவுன் பொம்பளைகளும் பக்கத்துக் கிராமத்துப் பொம்பளைகளும் வந்தாக. நாங்க ஒண்ணை மறந்துட்டோம். தட்டுல ஏறி நின்னதும் மிளகாய் நெடி மூக்குல ஏறும். ஒருத்தி தும்முவா, தராசு முள்ளு குதிக்கும். அவ அடங்குனா வரிசையில இருக்குறவ தும்முவா. நான் தும்மிக்கிட்டே படிப்பேன், ஜெய்தூன் தும்மிக்கிட்டே எழுதுவா.

மல்லாங்கிணத்துல இருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிட்டு வந்தாக. நிலபுலன் உள்ளவுக, பெரிய கிணறு அவுகளுக்கு, அதனால கிணத்துக்காரம்மான்னே வச்சுக்குவோம். மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறாக. புள்ள பூசுனாப்புல இருந்தாத்தான் புள்ளை பெத்துக்கிடுவான்னு மாப்பிள்ளை வீட்டுல பேச்சாம். ஒரு மாசமா உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமா ஊட்டியிருக்காக. அந்தப் புள்ள தட்டுல ஏறுச்சு, நெடி ஏறுச்சு, ஒரு தும்மு தும்முச்சு. சேலை மடியில இருந்து படிக்கல்லு ஒண்ணு தொம்முன்னு விழுந்துச்சு. புள்ளைக்கு முகம் செத்துருச்சு. ஆத்தாளுக்கு ஒண்ணும் ஆகல.

நான் பிடிச்சுக்கிட்டேன். கனம் வேற, கொழுப்பு வேறன்னு கத்துனேன். ஒரே கனத்துல ரெண்டு புள்ளைக இருக்கும், ஒருத்தி உடம்புல தண்ணி இறைச்ச சதை, இன்னொருத்தி உடம்புல கொழுப்பு, தராசுக்கு அது தெரியாதுன்னேன். நண்டை வச்சு அளந்தும் காட்டுனேன். அந்தப் புள்ளைக்குக் கல்லும் வேண்டாம், களியும் வேண்டாம், இருக்க வேண்டிய அளவு அப்படியே இருந்துச்சு. கிணத்துக்காரம்மா எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னாக: "சரிங்க தாயி, கல்லைக் கழிச்சே எழுதுங்க. மாப்பிள்ளை வீட்டுக்கு விளங்குற மாதிரி கொஞ்சம் தாராளமா எழுதுங்க."

பொடி எழுத்து

இப்ப என் தப்புக்கு வாரேன். கம்பெனியில நாங்க அளந்த லிஸ்டை டாக்டரையா கேட்டாரு. புரொபசரம்மா குடுக்கச் சொன்னாக. வெறும் நம்பரைக் குடுத்தா அவருக்கு என்ன விளங்கும்னு, நானே லைப்ரரிக்குப் போயி, ஒரு பெரிய புத்தகத்துல இருந்து ஆரோக்கியக் கோட்டையும் எடுத்து எழுதுனேன். நூத்துல இருபது பங்குக்கு மேல போனா அதிகக் கொழுப்புன்னு சிவப்பு மையில கோடு போட்டுக் குடுத்தேன். சீனியம்மா நம்பர் இருபத்திரெண்டு. கைப்புள்ளக்காரிகள்ல கோட்டுக்கு மேல நின்னது அவ ஒருத்திதான். பால் மாவு டின்னு குறைச்சலா வந்த மாசம் அது. யாருக்கு நிப்பாட்டலாம்னு தேடுனவுக கண்ணுல என் சிவப்புக் கோடுதான் பட்டுச்சு.

சேதி கேட்டதும் லைப்ரரிக்கு ஓடுனேன். அந்தப் பக்கத்தோட அடியில பொடி எழுத்துல ஒரு வரி. இந்த அளவு வாலிப வயசு ஆம்பளைகளுக்குன்னு. நான் அதை எழுதல. படிக்கவே இல்ல. அடுத்த பக்கத்தைப் புரட்டுனா பொம்பளைகளுக்குத் தனி அளவு இருக்கு. ஆம்பளைக்குப் பதினஞ்சு பங்கு போதும். பொம்பளைக்கு இருபதுக்குக் குறையாம, முப்பதுக்குள்ள இருந்தா அது நல்ல உடம்பு. ஏன்னா அவ உடம்புல இன்னொரு உசிரு வளரணும், அது வெளிய வந்த பிறகும் பால் குடிக்கணும். ஒரு மாசம் மழை இல்லாம, அடுப்பு எரியாம போனாலும் அந்தப் பால் நிக்கப்படாதுன்னு, உடம்பு அவளைக் கேக்காமயே இடுப்புலயும் தொடையிலயும் எடுத்து வச்சுக்கிருது. கழுத்தெலும்பு துருத்துற சீனியம்மா இடுப்புல ஒம்போது சுத்து எப்படி வந்துச்சுன்னு எனக்கு அப்பத்தான் விளங்குச்சு. அவ சோளக் கூழைக் குடிச்சுக்கிட்டு, கையைக் காயப் போட்டு, கழுத்தைக் காயப் போட்டு, புள்ளைக்குன்னு தானியம் கொட்டி வைக்கிற மாதிரி அங்கன ஒரு குலுக்கை நிரப்பி வச்சிருக்கா. அந்தக் குலுக்கையைப் பாத்துத்தான் நாங்க அதிகம்னு எழுதியிருக்கோம். புத்தகத்தை விரிச்சுப் போட்டுக்கிட்டு லைப்ரரியில அழுதேன். நம்புனா நம்புங்க.

புரொபசரம்மா என்னைத் திட்டல. புத்தகத்தை மூடி என் கையில குடுத்துட்டுச் சொன்னாக: "இதைக் கொண்டு போயி டாக்டர் கிட்டக் காட்டித் தப்பை ஒத்துக்க. சண்டை போடாம ஒத்துக்க. ரெண்டாவது உனக்கு வராது, முதலாவதையாவது செஞ்சுட்டு வா."

கிணத்துக்குள்ள எடை

செஞ்சேன் டாக்டரையா. புத்தகத்தைக் காட்டுனேன். நீங்க புத்தகத்தைப் பாக்கல, என் கையைப் பாத்தீக. கிள்ளுனதே தப்பா இருக்கும், அதனால எந்தக் கோடா இருந்தா என்னன்னுட்டீக. சரி, கிள்ளாம அளக்குறதுக்கும் ஒரு வழி இருக்கு. கொழுப்பு தண்ணியில மிதக்கும், எலும்பும் சதையும் முங்கும். ஒரு ஆளைத் தரையில எடை போட்டு, பிறகு தண்ணிக்குள்ள முழுசா முக்கி எடை போட்டா, எம்புட்டுக் கொழுப்புன்னு கணக்கு வந்துரும். வெளிநாட்டுல இதுக்குன்னு தொட்டி வச்சிருக்காகளாம். எங்களுக்குத் தொட்டிக்கு எங்க போறது?

சீனியம்மா பிறந்த ஊரு மல்லாங்கிணறு. கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவ புள்ளையோட வந்திருந்தா. கிணத்துக்காரம்மா ஒரு நா காலையில மாடு பூட்டித் தண்ணி இறைக்கிற கமலையை நிறுத்தி, ஆம்பளைகளை அந்தப் பக்கமே வரவிடாம, கிணத்தை எங்களுக்கு விட்டுக் குடுத்தாக. ஜெய்தூன் மண்டியில இருந்து கொக்கி மாட்டுற வில் தராசு கொண்டாந்தா. உருளையில வடத்தைப் போட்டு, தராசை மாட்டி, அதுல ஊஞ்சல் பலகை ஒண்ணைத் தொங்க விட்டோம். பலகை முங்குறதுக்கு ஒரு கல்லு. பலகையையும் கல்லையும் மட்டும் முதல்ல தண்ணிக்குள்ள நிறுத்துக் கழிச்சு வச்சுக்கிட்டோம். சீனியம்மாவுக்குச் சொன்னது ஒண்ணுதான். நெஞ்சுல இருக்குற மூச்சு அம்புட்டையும் வெளிய விட்டுறணும். காத்து இருந்தா மிதக்கும், கணக்குக் கெட்டுப் போகும். எம்புட்டு விட்டாலும் ஒட்டிக்கிட்டு நிக்கிற காத்துக்குப் புத்தகத்துல ஒரு கழிவு இருக்கு.

புள்ளையைக் கிணத்துக்காரம்மா கையில குடுத்துட்டு இறங்குனா. அவ பலகையில உக்காந்தா, குமிழி குமிழியா மூச்சை விட்டா, தலை முங்குச்சு. குமிழி நின்னுச்சு. அதுக்குப் பிறகு கிணத்துல ஒரு அசைவு இல்ல. பச்சைத் தண்ணிக்குள்ள அவ முடி மட்டும் விரிஞ்சு மிதக்குது. அவ கண்ணைத் திறந்து எங்களையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா, யாரோ வீட்டு விசேசத்துல பந்தியில உக்காந்த மாதிரி. முள்ளு ஆடி ஆடி நின்னுச்சு. தரையில நாப்பத்திரெண்டு கிலோ இருந்தவ, தண்ணிக்குள்ள ஒரு கிலோ இல்ல. ஒரு மொறம் மிளகா வத்தல் கனம். புள்ளை பெத்து, நாள் பூரா குழாய் சுத்தி, மூணு மைல் நடந்து வீடு போற ஒரு மனுசி, ஒரு மொறம் வத்தல் கனத்துல அங்கன தொங்கிக்கிட்டு இருக்கா. ஜெய்தூன் எழுத மறந்துட்டா. நான் திட்ட மறந்துட்டேன்.

மூணு தடவை எடுத்தோம். அங்கனயே கமலைக் கல்லு மேல உக்காந்து கணக்குப் போட்டேன். கிள்ளுனதுல இருபத்திரெண்டு, கிணத்துல இருபத்திரெண்டரை. கையை ஈரச் சேலையில துடைச்சுட்டு, போதும் தாயி, மேல ஏறுன்னேன். படியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன சீனியம்மா சொன்னா: "உள்ள இருக்கையில ஒண்ணுமே கனக்கல தாயி. இன்னும் ரெண்டு தடவை எடுக்கணும்னாலும் எடுங்க."

எங்க போச்சு

கிணத்துக் கணக்கையும் எழுதி அனுப்புனேன். பதில் இல்ல. பாலை நிப்பாட்டி ரெண்டு மாசம் ஆனப்ப அச்சங்குளத்துக்கு மறுபடியும் போனேன். போர்மேன் அண்ணாச்சி கேக்குறதுக்கு முந்தி நானே நண்டை மணல் வாளிக்குள்ள வச்சேன். கஞ்சி நேரத்துல மத்த கைப்புள்ளக்காரிக டம்ளரோட நின்னாக. சீனியம்மா தள்ளி, தூக்குவாளியில நீராகாரத்தைக் குடிச்சுக்கிட்டு இருந்தா. மத்தவளுக ஆளுக்குக் கொஞ்சம் கடலை உருண்டையைப் பிட்டு அவ மடியில போட்டுட்டுப் போனாளுக.

நண்டை வச்சேன். அவ முந்திக்கிட்டா. இடுப்பைக் கிள்ளிப் பாத்து, ஒம்போது சுத்து ஆறாயிருச்சுன்னா. முள்ளும் அதைத்தான் சொல்லுச்சு. கையில ஒண்ணும் குறையல, குறையுறதுக்கு அங்கன என்ன இருக்கு. கழுத்தெலும்புக்குப் பின்னால குழி விழுந்து, அதுல அலுமினியப் பொடி தேங்கி நிக்குது. இப்படியே போனா எம்புட்டு நாளைக்குத் தாங்கும்? இருக்குற ஆறும் போன பிறகு உடம்பு எதை எடுத்துக் குடுக்கும்? கம்பெனிக் கைப்புள்ளைகளைப் போட்டு வைக்கிற தொட்டில் கொட்டகையில இருந்து யாரோ அவ புள்ளையைத் தூக்கிட்டு வந்தாக. ஏழு மாசம். தொடையில மடிப்பு மடிப்பா மூணு மடிப்பு, கன்னம் உப்பி, மணிக்கட்டுல நூலு கட்டுன மாதிரி ஒரு கோடு. நான் இதுவரைக்கும் படிச்ச எந்தப் புத்தகத்துலயும் இப்படி ஒரு கணக்கு நேர் ஆனதைப் பாத்ததில்ல. சீனியம்மா புள்ளையை எடுத்து என் மடியில வச்சுட்டுச் சொன்னா: "காணாமப் போன மூணு சுத்தும் இங்கன இருக்கு தாயி, வேணும்னா நண்டை வச்சுப் பாத்துக்கோங்க."

இனி நீங்க சொல்லுங்க டாக்டரையா. வெக்கமில்லாதவ நான்தான், கோடு போட்டவளும் நான்தான், அடியில இருந்த வரியைப் படிக்காதவளும் நான்தான். இம்புட்டையும் பேரு போட்டு அச்சுல ஒத்துக்கிட்டேன். நான் ஒத்துக்கிட்டதுனால சீனியம்மா டம்ளர்ல ஒரு சொட்டுப் பால் ஏறல, ஏன்னா அதை ஏத்துற கை உங்களது. அடுத்தது தொட்டில் கொட்டகையில புள்ளை போட்டிருக்குற மத்த பொம்பளைகளையும் அதே கோட்டை வச்சுப் பாக்கப் போறீகன்னு கேள்விப்பட்டேன்.

இந்தத் தொழில்ல நான் கண்டது, ஒரு பொம்பளை உடம்பை அளக்க அஞ்சு நிமிசம் போதும், அளந்தது என்னன்னு ஒரு டாக்டருக்கு விளங்கவைக்க ஒரு கிணறும் பத்தலங்கிறதுதான். அதனால கடுதாசி வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். அதே கம்பெனி வாசல்ல, அதே பொம்பளைகளை நிக்க வச்சுக்கிட்டு, நானும் நிக்கேன், எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்க: அந்தக் கோடு ஆம்பளைக்குப் போட்டதுன்னு தெரிஞ்ச பிறகும் சீனியம்மா பாலை ஏன் திருப்பிக் குடுக்கல?